கிட்டப் போய்ப் பாருங்கள்



இன்று பட்டம் பெறுபவர்களில் பொருளியலும் பொது நிர்வாகமும் படித்தவர்கள் இருக்கிறீர்கள். விடுதி மேலாண்மை படித்தவர்களும் இருக்கிறீர்கள். முதல் கூட்டத்தில் சிலர் கொள்கை வகுக்கும் அலுவலகங்களுக்குப் போவீர்கள். இரண்டாவது கூட்டத்தில் சிலர் இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் சமையற்கட்டிலும் பாரிலும் நிற்பீர்கள். ஊர் முதல் வேலையை மேலே வைத்திருக்கிறது, இரண்டாவதைக் கீழே வைத்திருக்கிறது. மேலே இருக்கும் வேலையை விட்டுவிட்டு ஒருவர் பாரில் மது ஊற்றிக் கொடுக்கப் போனால், இருக்கிற நேரத்தில் மனதுக்குப் பட்டதையெல்லாம் எழுதவும் செய்தால், "இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று இங்கே வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் என்ற பெண் கல்லூரியில் படிக்கும்போதே செனட்டர் எட்வர்ட் கென்னடியின் அலுவலகத்தில் பயிற்சியாளராக இருந்தார். குடியேற்றச் சிக்கல்களோடு உதவி கேட்டு வந்தவர்களைக் கவனிக்கும் வேலை. 2008இல் தந்தை இறந்துபோனார். வீட்டைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடி. 2011இல் பொருளியலும் சர்வதேச உறவுகளும் படித்துப் பட்டம் வாங்கிய அந்தப் பெண் நியூயார்க்கில் ஒரு பாரில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலைக்குப் போனார். படித்த படிப்பு வீணாகிவிட்டது என்று நம்மூரிலும் சொல்லியிருப்பார்கள். 2018இல், 1999 முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சொந்தக் கட்சித் தலைவர் ஒருவரை உட்கட்சித் தேர்தலில் வென்று, 29 வயதில் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அதுவரை அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களிலேயே வயதில் இளையவர் அவர்தான்.

அந்த வெற்றியைவிட அதற்குப் பின் நடந்த ஒன்றைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். டிப்ஸ் வாங்கிப் பிழைக்கும் உணவகத் தொழிலாளிக்கு, டிப்ஸோடு சேர்ந்து பொதுவான குறைந்தபட்சக் கூலியை எட்டிவிட்டால், அமெரிக்க மத்திய சட்டப்படி முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991 முதல் அந்தத் தொகை உயரவே இல்லை. மீதிக் கூலியை வாடிக்கையாளரின் மனசு தீர்மானிக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று பேசுவதற்காக 2019இல், உறுப்பினராக இருக்கும்போதே, ஒரு நாள் மீண்டும் பாருக்குள் போய் நின்று அவர் மது ஊற்றிக் கொடுத்தார். டிப்ஸை நம்பிய பிழைப்பை அறிக்கையில் படித்தவர்கள் பலர். அவருக்கு அது வீட்டு வாடகையாகத் தெரிந்திருந்தது.

நம் மாநிலத்துக்கு வருவோம். மதுவைப் பற்றி நம்மைப்போல் கொள்கை வகுத்தவர்கள் குறைவு. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் விழுந்த வருமான ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பி வந்தது, பிறகு மீண்டும் போனது. 1983இல் மது மொத்த விற்பனைக்கு அரசின் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. இத்தனைக்கும் பிறகு, 2023 மே மாதத்தில், இதே கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச்சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எக்கியார்குப்பம் ஒரு மீனவர் குப்பம். அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

நான் மதுவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கேட்பது இதுதான். அரசுக் கடை திறந்திருக்கும்போது ஒருவர் ஏன் சாராயப் பாக்கெட்டைத் தேடிப் போகிறார்? கையில் எவ்வளவு பணம் இருந்தது, எந்த நேரத்தில் வந்தார், உடம்பில் எந்த வலியை மறக்கக் குடித்தார்? விற்பனைக் கணக்கில் இதற்குப் பதில் கிடையாது. ஊற்றிக் கொடுத்தவருக்கும், மேசை துடைத்தவருக்கும், காலி பாட்டில் பொறுக்கியவருக்கும்தான் அது தெரியும். அவர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

கொள்கை வேலை மோசமான வேலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1982இல் மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கிய எம்.ஜி.ஆர். சிறுவயதில் பசியோடு படுத்தவர். அதனால்தான் அது கோப்போடு நிற்காமல் பிள்ளையின் தட்டுவரை வந்தது. கிட்டத்தில் இருந்து அறிந்தவர் எழுதும் கொள்கை ஊரைக் காப்பாற்றும்.

கிட்டப் போவதற்காக நாற்காலியை விட்டு எழுந்தவர், இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1963இல் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மழையை நம்பியிருக்கும் மானாவாரி நிலத்தில் விலையுயர்ந்த உரமும் வீரிய விதையும் போட்டு ஆராய்ச்சி நடந்தது. அந்தச் செலவைத் தாங்க முடியாத விவசாயிக்கு இந்த முடிவுகளால் என்ன பயன் என்று கேட்டார். கேள்வி அங்கே எடுபடவில்லை. 1969இல் வேலையை விட்டார். களக்காட்டுப் பக்கம் கிராமங்களில் விவசாயிகளோடு இருந்து அவர்களிடமே பாடம் படித்தார். நடந்தார், பேசினார், எழுதினார். 2013 டிசம்பர் 30 அன்று, மீத்தேன் திட்டத்துக்கு எதிராக மக்களைத் திரட்டிக்கொண்டிருந்த இடத்தில்தான் அவர் உயிர் பிரிந்தது. அந்த அரசு வேலையில் இருந்திருந்தால் ஓய்வூதியம் வந்திருக்கும். இயற்கை வேளாண்மையை இத்தனை தமிழர்கள் நம்பியிருப்பார்களா?

இனி எழுத்தைப் பற்றி. ஈழத்திலிருந்து பிரான்சுக்குப் போன ஷோபாசக்தி அங்கே பாத்திரம் கழுவினார், சமையல் செய்தார், கடையில் சாமான் அடுக்கினார். அந்தக் கைதான் 2001இல் 'கொரில்லா' நாவலை எழுதியது. அவர் நடித்த 'தீபன்' 2015இல் கான் விழாவின் உயர்ந்த விருதை வாங்கியது. கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கம் ஐ.நா. அதிகாரியாகப் பல நாடுகளில் வேலை பார்த்தவர். 1964இல் 'அக்கா' சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தபின் நெடுங்காலம் எழுத்து விட்டுப்போயிற்று. 1995இல் 'திகடசக்கரம்' தொகுப்போடு திரும்பி வந்தார். சந்தித்த மனிதர், தின்ற சாப்பாடு, படித்த புத்தகம், ஆப்பிரிக்க ஊர் என எதையும் விடாமல் எழுதுகிறார். வேலை ஒன்றாக இருக்கலாம், ஆசைகள் பல இருக்கலாம். ஒரே துறைக்குள் உங்களை அடைத்துக்கொள்ளாதீர்கள். கடல், கிரிக்கெட், மீன் விலை, பாட்டி சொன்ன வைத்தியம், நேற்று இரவு மேசையில் கேட்ட பேச்சு, எல்லாமே எழுதத் தகுந்தவை. மனிதர்களின் பெயரை மறைத்து, நீங்கள் கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்.

இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மீனவரான மூர்த்தி மேகவன் அலைச்சறுக்கு கற்று, 2012இல் அதற்கொரு பள்ளி தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்பது விதி. அரசு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் போட்டும் எடுத்தும் பார்த்த விஷயத்தை, அந்தப் பிள்ளைகளின் பெயர் தெரிந்த ஒரு மனிதர் கரையில் நின்று சொல்கிறார். பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன் என்று பிள்ளை வந்து நின்றால், ஊர் என்ன சொல்லும் என்று கேட்பதற்கு முன்னால், அங்கே என்ன கற்றுக்கொள்ளப் போகிறாய் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் ஆசீர்வதித்து அனுப்புங்கள்.

இளைஞர்களே, கோபத்தில் வேலையை விடாதீர்கள். கையில் சில மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வையுங்கள், வீட்டில் முன்கூட்டியே சொல்லுங்கள். அலுவலகத்திலேயே இருப்பவர்கள், நீங்கள் எழுதும் திட்டம் யாரைத் தொடுமோ அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய் அவரோடு உட்காருங்கள். பாரில் நிற்கப் போகிறவர்கள், தலை நிமிர்ந்து நில்லுங்கள். எதிரே இருப்பவர் அளவு மீறினால் போதும் என்று சொல்லும் துணிச்சலும், அவர் வீடு போய்ச் சேர ஆட்டோ பிடித்துக் கொடுக்கும் அக்கறையும் உங்களிடம் இருக்கட்டும். நாளைக்கு இந்த நாட்டில் மதுவைப் பற்றியோ கூலியைப் பற்றியோ யாராவது சட்டம் எழுத உட்கார்ந்தால், உங்களைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். கூப்பிடவில்லை என்றால் நீங்களே எழுதுங்கள்.