கொற்கையைக் கைவிட்ட கடல்

கொற்கை என்றதும் முத்து நினைவுக்கு வரும். பாண்டியரின் துறைமுகம் அது. இன்று அங்கே போனால் கடலைக் காணோம். சுற்றிலும் நெல்லும் வாழையும்தான். கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

தள்ளியது யார்? நம் தாமிரபரணி! பொதிகைக் காட்டில் பிறந்து, வழியெல்லாம் வண்டலை அள்ளி வருகிறது. குடத்தில் கலங்கல் தண்ணீரை அசையாமல் வைத்துப் பாருங்கள். மண் அடியில் தங்கிவிடும். ஆறும் அப்படித்தான். கடலைத் தொடும் இடத்தில் வேகம் குறையும், வண்டல் படியும். படியப் படியக் கரை முன்னே நகரும்.

கொற்கை தூர்ந்தது. அடுத்து, கடலோரத்தில் காயல் துறைமுகமானது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்டு வியந்த ஊர். அதுவும் தூர்ந்து இன்று பழையகாயல். பிறகு புன்னைக்காயல். போர்த்துகீசியர் தங்கிய இடம். ஆறு மண் போடப் போட, துறைமுகம் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

கொற்கையில் அகழாய்வு செய்தபோது வயல் மண்ணுக்கு அடியில் சங்கும் சிப்பியும் கிடைத்தன. அங்கே கடல் இருந்ததற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இன்றைய துறைமுகமான தூத்துக்குடியோ இந்த ஆற்றின் முகத்துவாரத்துக்கு வடக்கே தள்ளி இருக்கிறது. ஏரல் பக்கம் போகிறவர்கள் அருகிலுள்ள கொற்கைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.