எத்தனையாவது காம்பரா?

(நூற்றாண்டு ஒளிவிழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)





இந்த மேடையில் நான் முதன்முதலில் ஏறியது ஏழாம் ஆண்டில். ஒளிவிழா நாடகத்தில் எனக்குச் சத்திரக்காரன் வேடம். உயரம் இருந்தது, தொண்டையும் இருந்தது; வேறு தகுதி கேட்கவில்லை. மரியாளாக நடித்தவளுக்கு அன்று வீட்டில் கார்த்திகை விளக்கீடு. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையத் திருநீறோடு வந்துவிட்டாள். டீச்சர் அதைத் துடைக்கச் சொல்லவில்லை. முக்காட்டைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டார், அவ்வளவுதான். இந்தப் பாடசாலை எனக்குக் கற்றுத்தந்த சமயபாடத்தில் பாதி அந்த ஒரு இழுப்பில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்கு இருந்தது ஒரே வசனம். "இடமில்லை, போ!" மண்டபம் அதிரக் கத்தினேன். கைதட்டினார்கள். நாடகம் முடிந்ததும் டீச்சர், "நல்லாத்தான் நடிச்சே. ஆனா பிள்ளை, எங்கேயிருந்து வாறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். "வசனத்துல அப்படி இல்லியே டீச்சர்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அது வேடிக்கைப் பேச்சல்ல என்பது விளங்க எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் பிடித்தது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

லூக்காவின் இரண்டாம் அதிகாரத்தில் இயேசுவின் பிறப்பு ஓர் அரசாங்கக் கட்டளையோடு தொடங்குகிறது. குடிமக்கள் எல்லோரும் பெயர் பதியவேண்டும் என்கிறான் அகுஸ்து இராயன். அதற்காக நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஊர்விட்டு ஊர் போகிறாள். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் பின்னணியாக இருக்கலாம். தலவாக்கலைப் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. நம் வீடுகளில் பெயர் பதிவது என்ற பேச்சு வந்தாலே பெரியவர்களின் முகம் மாறும்.

1947 தேர்தலில் இந்தத் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நம்மவர்கள் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், கவிஞர். அடுத்த வருடமே, 1948 இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பின்னாலேயே வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று. அந்தக் கணக்கில் என் அம்மாவின் அக்கா குடும்பம் ஒரு பக்கமும் என் அம்மா மறுபக்கமும் விழுந்தார்கள். பெரியம்மா இந்தத் தலவாக்கலை ஸ்டேஷனில்தான் ரயில் ஏறினார். தலைமன்னார் போய், கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரியில் மறுபடியும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கே கொழுந்தெடுக்கப் போனார். 1984 இல் அந்தக் கப்பலும் நின்றது. அக்காளும் தங்கையும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆகவே பெத்லகேமுக்குப் போன அந்த இரண்டு பேரும் எனக்குப் படத்தில் இருக்கும் ஆட்கள் அல்லர். பெட்டி படுக்கையோடு ஸ்டேஷனில் நின்றவர்கள்.

இந்த மலைகளுக்கு சுவிசேஷம் வந்த வழியையும் நாம் மறக்கக்கூடாது. 1854 இல் சி.எம்.எஸ். சங்கத்தார் தோட்டத் தமிழருக்காக ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தே போய்ப் பிரசங்கித்தார்கள், பள்ளிக்கூடமும் வைத்தார்கள். நம் பாட்டனார் சிலர் முதன்முதலில் சிலேட்டைத் தொட்டது அவர்களால்தான். நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்த மிஷனின் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. உபதேசியாரின் சம்பளத்துக்குத் துரைமார் பணம் கொடுத்தார்கள். துரை கொடுக்கும் காசில் நிற்பவர் லயத்தைப் பற்றி எவ்வளவு பேசமுடியும்? அன்பும் வந்தது, பெயர் கேட்காத பழக்கமும் கூடவே வந்தது. பெயர் கேட்டவர்களும் பிறகு வந்தார்கள். இயேசு சபைத் துறவி போல் கஸ்பேர்ஸ் அடிகளார் 1972 இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கி, மலையகத் தமிழரின் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் ஓயாமல் பேசியவர். அவர் தமிழர் அல்லர் என்பதைத் தங்கைமார் தெரிந்துகொள்ளவேண்டும்.

இனி என் கதை. பெருமைக்குரியதல்ல. அந்த வைத்தியசாலையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். பிழை அவற்றினுடையது அல்ல, என்னுடையது.

நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு கொழுந்தெடுக்கும் பெண் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு வந்திருந்தார். செல்லம்மா என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயரல்ல. அந்தப் பரிசோதனைக்கு வலியில்லை, செலவில்லை. ஆனால் ஒருநாள் பேர் போகும். வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கப்போகும் சகோதரிகளில் மறந்தவர்கள் இருக்கலாம்: தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் வேலைப் பதிவு, ஒருநாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அன்றைய பேரை விட்டுவிட்டுத்தான் செல்லம்மா வந்தார்.

முடிவு நல்லதாக வரவில்லை. புற்றாக மாறக்கூடிய மாற்றம் இருந்தது. அந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் முழுதாகவே காப்பாற்றிவிடலாம். உடனே வரச்சொல்லிக் கடிதம் எழுதினேன், ஆங்கிலத்தில். உறையின் மேல் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதினேன். அட்டையில் இருந்த முகவரி அவ்வளவுதான். தபாலில் சேர்த்ததும் பதிவேட்டில் 'அறிவிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பதினான்கு மாதம் கழித்து, நத்தாருக்கு முந்திய வாரம், அவரை ஒரு முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தார்கள். பழைய துணியை மடித்து வைத்துக் கட்டியிருந்தார். இரத்தப்போக்கு மூன்று மாதமாக இருக்கிறதாம். பழைய பதிவைப் புரட்டிப் பார்த்த எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "கடிதம் போட்டேனே, ஏன் வரல்ல? உங்க உசிருல உங்களுக்கே அக்கறை இல்லியா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கடிதாசி ஒண்ணும் வரலீங்க டொக்டரம்மா" என்றார்.

கடிதம் வந்திருந்தது. லயங்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. தபால் எல்லாம் தோட்டத்து ஒபீசுக்குத்தான் வரும். அந்தத் தோட்டத்தில் செல்லம்மா என்று மூன்று பேர். கடிதம் மேல்பிரிவுச் செல்லம்மாவிடம் போயிருந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது, அதுவும் ஆங்கிலம். ஆனால் அரசாங்க முத்திரை போட்ட கடிதம் என்பது தெரியும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த பொலித்தீன் பைக்குள் பத்திரமாக வைத்து, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு மலையிறங்கி வந்து என் கையில் கொடுத்தார். மடிப்புக் கலையவில்லை. அவரைப்போல அந்தக் கடிதத்தை மதித்தவர் வேறு யாருமில்லை, எழுதிய நான் உட்பட.

நான் அன்றைக்கும் சத்திரக்காரிதான். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. வசனத்தில் அது இருக்கவில்லை.

அந்த நத்தாருக்குக் கோயிலுக்குப் போனேன், பாடினேன். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. விசுவாசம் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒருநாள் நல்ல சமாரியனின் உவமையை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சொல்லில் நின்றேன். நம் தமிழ் வேதாகமத்திலே லூக்காவில் சத்திரம் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று பிறப்பில், இடமில்லாத சத்திரம். மற்றது இந்த உவமையில். கிரேக்க மூலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள் என்பார்கள் படித்தவர்கள். இருக்கட்டும், நான் தமிழில்தான் வாசிக்கிறேன். அடிபட்டவனைச் சமாரியன் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுக்கிறான். அந்தக் காலத்தில் ஒரு பணம் ஒருநாள் கூலி. நம் கணக்கில் இரண்டு பேர். அதோடு விட்டுவிடவில்லை; திரும்பி வருவதாகவும், மேற்கொண்டு செலவானதை அப்போது தருவதாகவும் சொல்லிவிட்டுத்தான் போகிறான்.

எண்ணெய் வார்த்ததையும் காயம் கட்டியதையும் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் கேட்டதாக ஞாபகமில்லை. வைத்தியத் தொழிலில் இருப்பவருக்கு அதுதான் கண்ணில் படும். காயம் கட்டுவது ஒருநாள் வேலை. மறுமுறை பார்ப்பதில்தான் நோயாளி பிழைப்பதும் போவதும் இருக்கிறது.

அங்கே 'மனதுருகி' என்று வரும் சொல்லின் கிரேக்க வேர் குடலையும் ஈரலையும் குறிக்கும் சொல். இயேசு ஜனக்கூட்டத்தைக் கண்டபோதும், கெட்ட குமாரனைத் தூரத்தில் கண்ட தகப்பனுக்கும் அதே சொல்தான். நம் லயத்து அம்மாமாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. "வயித்தப் பெசையுது" என்பார்கள். மகள் கொழும்பில் வேலைக்குப் போய் ஒரு வாரம் போன் எடுக்காவிட்டால் வரும் அந்தப் பிசைவு. அது வந்தால் ஆள் சும்மா இருக்கமாட்டாள். பஸ் ஏறிவிடுவாள்.

டிசம்பரில் நம் தோட்டங்களுக்கு நிறைய வாகனங்கள் வருகின்றன. பொதி கொடுக்கிறார்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுக்கிறார்கள். நான் அதைப் பழிக்கவில்லை. பசியுள்ள வீட்டில் ஒரு கிலோ பருப்பு ஒரு கிலோ பருப்புத்தான். நம் சங்கமும் கொடுக்கிறது. லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் சகோதரிகள் அனுப்பும் பணத்தில்தான் கொடுக்கிறோம். ஆனால் ஜனவரியில் பனி விழுந்து கொழுந்து கருகும் நாளில், எந்த வாகனமும் வருவதில்லை. போன வருடம் பொதி வாங்கிய பிள்ளை இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறதா, கொழும்பில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவுகிறதா என்று நம்மில் யாருக்குத் தெரியும்? பட்டியல் இருக்கிறது. எண்ணிக்கை எழுதிய பட்டியல்.

சங்கத்திடம் என் வேண்டுகோள் இது ஒன்றுதான். அடுத்த வருடம் பொதிகளைப் பாதியாகக் குறையுங்கள். மீதியில் ஒரு ஆளுக்கு பஸ் காசு கொடுங்கள். பங்குனியிலும் ஆடியிலும் அதே பிள்ளைகளின் வீட்டுக்கு அவர் திரும்பிப் போகட்டும். செயற்குழுவில் இதற்கு எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். படம் எடுக்க ஒன்றும் இருக்காது.

2023 இல், நம்மவர்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று ஒரு நடைபயணம் நடந்தது. தேசிய கிறிஸ்தவ மன்றம் முன்னின்றது. எல்லாச் சமயத்தவரும் சேர்ந்தார்கள். ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி, நம் முன்னோர் காடு வழியே நடந்து வந்த பாதையில் நடந்து, ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் முடித்தார்கள். கடைசி நாள் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். மாத்தளையில் ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குக் கால் வலித்தது, அவருக்கு இல்லை. என் பெரியம்மா தலைமன்னார் போன வழி மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. வந்த வழி அன்றுதான் தெரிந்தது.

செல்லம்மாவை மகரகமைக்கு அனுப்பினோம். ஒளிச்சிகிச்சை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் இரவு பஸ்ஸில் போய், மறுநாள் இரவு திரும்புவார். பல தடவை மேல்பிரிவுச் செல்லம்மாதான் துணைக்குப் போனார். ஒன்றரை வருடம் இருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எழுதினீங்கதானே டொக்டரம்மா, அது எனக்கு வந்து சேரல்ல, அவ்வளவுதான்" என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

இப்போது என் கிளினிக்கில் யார் வந்தாலும் முதலில் நானே ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வேன். எந்தப் பிரிவு, எந்த லயம், எத்தனையாவது காம்பரா, வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் யார், யாருடைய போன். தாதி ஆரம்பத்தில் முணுமுணுத்தார், வரிசை நீளுகிறது என்று. உண்மைதான், நீளுகிறது.

போன மாதம் ஒரு பெண் நான் கேட்டதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "என்னங்க டொக்டரம்மா, வீட்டுக்கே வரப்போறீங்களா?"

"வந்தாலும் வருவேன், சொல்லுங்க" என்றேன்.

"அப்படின்னா எழுதிக்கங்க. ரோட்டுல இறங்கி மாரியம்மன் கோயிலத் தாண்டி வாங்க. பிள்ளைமடுவத்துக்கு மேல தொங்கல் லயம். கடைசிக்கு முந்துன காம்பரா. இஸ்தோப்புல நீலப் பெயின்ட் அடிச்சிருக்கோம், போன தீபாவளிக்கு. சரஸ்வதின்னு கேட்டா ரெண்டு பேரக் காட்டுவாங்க. பைப்படி சரஸ்வதின்னு கேளுங்க."