தென்னை எவ்வளவு உயரம்?

இன்னைக்கு பத்தாம் வகுப்புக் கணக்கு ஒண்ணு: வடிவொத்த முக்கோணங்கள். பரீட்சையோட அது முடிஞ்சுதுன்னுதான் நினைச்சிருந்தேன், போன லீவுக்கு ஊருக்குப் போற வரைக்கும்.

எங்க வீட்டுப் பின்னாடி ஒரு தென்னை. இடி விழுந்து மண்டை கருகி, மொட்டையா நேரா நிக்குது. சாய்க்க ஒரு பக்கம்தான் இடம் இருக்கு. அந்தப் பக்கம் 10 மீட்டர்ல அடுத்த வீட்டு ஓட்டுக்கூரை. மரம் வெட்டுற அண்ணன் ரெண்டு வழி சொன்னார். அடியில அறுத்துச் சாய்ச்சா கூலி கம்மி. மேல ஏறித் துண்டு துண்டா இறக்கினா ரெண்டு மடங்கு. "நீதான் இன்ஜினியராச்சே, உயரத்தைச் சொல்லு"ன்னார் அப்பா.

ஐடியா சிம்பிள். மரம், அதோட நிழல், சூரியக் கதிர் மூணும் சேர்ந்தா ஒரு செங்கோண முக்கோணம். சமதரையில நட்ட 1 மீட்டர் குச்சிக்கும் அதே மாதிரி ஒண்ணு. கோணங்கள் சமம்னா, உயரத்துக்கும் நிழலுக்கும் உள்ள விகிதமும் சமம்.

மதியம் மரத்து நிழலை அளந்தேன்: 9.6 மீட்டர். சாப்பிட்டு, குச்சி தேடி நட்டு, அதோட நிழலை அளக்க முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு: 1.2 மீட்டர். 9.6-ஐ 1.2-ஆல வகுத்தா 8. "எட்டு மீட்டர்தான்ப்பா, தாராளமா சாய்க்கலாம்."

அப்பத்தா வடகத் தட்டை வெயிலுக்கு நகர்த்திட்டு இருந்தாங்க. "இதோட மூணு தடவை நகர்த்திட்டேன். நிழல் ஒரே இடத்துல நிக்குமாடா?"

எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. சூரியன் வானத்துல மணிக்கு சுமார் 15 டிகிரி நகருது. நான் அளந்தது ரெண்டு வேற நேரத்து நிழல். கோணம் மாறினதும் அந்த முக்கோணங்கள் வடிவொத்ததே இல்ல. ஆனா ஃபார்முலா ஒரு எர்ரரும் காட்டாம பதில் கொடுத்துடுச்சு!

மறுநாள் அப்பா மரத்துகிட்ட, நான் குச்சிகிட்ட. ஒரே நேரத்துல அளந்தோம். மரத்து நிழல் 9.6, குச்சி நிழல் 0.8. அப்போ உயரம் 12 மீட்டர். முதல் நாளே சாய்ச்சிருந்தா மரம் அந்த ஓட்டு மேலதான் விழுந்திருக்கும்.

ரெண்டு மடங்கு கூலி கொடுத்து, துண்டு துண்டாவே இறக்கினோம்.

விகிதம் போடுறதுக்கு முன்னாடி கோணம் சமமான்னு பாருங்க மக்களே. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.