ஸ்பீக்கரை மாத்துறதுக்கு முன்னாடி மேஜையை நகர்த்துங்க

இந்த எபிசோட், வீட்ல ஒரு ரூமை ஸ்டுடியோவா வச்சிருக்கறவங்களுக்கு. "மிக்ஸ் என் ரூம்ல சரியா இருக்கு. கார்ல போட்டா பேஸ் குமுறுது. 5 இஞ்ச் மானிட்டரை வித்துட்டு 8 இஞ்ச் வாங்கலாமா?" இந்தக் கேள்வி அடிக்கடி வருது. கேக்கறவங்க பெரும்பாலும் முதல் வேலையில இருக்கறவங்க, இஎம்ஐ போட்டுத்தான் வாங்கப் போறாங்க. அதனால பதிலை முதல்லயே சொல்லிடறேன்: இப்போ வாங்காதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு இஞ்ச் டேப், மேஜையைத் தூக்க கூட ஒரு ஆள். முதல்ல இதைச் செய்ங்க.

ரூம் என்ன பண்ணுது?

வாடகை வீட்டு பெட்ரூம்னா பெரும்பாலும் 10-க்கு 10 அடி, சீலிங்கும் கிட்டத்தட்ட 10 அடி. ஒலியோட வேகம் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர். 10 அடின்னா 3.05 மீட்டர். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவுல அரை அலை கச்சிதமா பொருந்துற ஃப்ரீக்வென்ஸி வேணும்னா 343-ஐ 6.1-ஆல வகுங்க. சுமார் 56 ஹெர்ட்ஸ் வரும். நீளம், அகலம், உயரம் மூணும் ஒரே அளவுங்கறதால மூணு பிரச்சினையும் அதே 56-ல வந்து குவியும். பேஸ் கிட்டாரோட ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அதாவது பாட்டுல அந்த நோட் வர்றப்பல்லாம் உங்க ரூமும் கூட சேர்ந்து வாசிக்குது.

இதுல ஒரு விஷயம் இருக்கு. அந்த 56 ஹெர்ட்ஸ் சுவரோரத்துல பொங்கும், ரூமோட நட்டநடுவுல காணாமப் போயிடும். உங்க நாற்காலி நடுவுல இருந்தா பேஸ் பத்தாத மாதிரி கேக்கும். நீங்க ஏத்துவீங்க. கார்ல அந்தக் குழி இல்ல, ஏத்தினது அப்படியே வெளிய வரும்.

இப்போ 8 இஞ்ச் வாங்கினா என்ன ஆகும்? யமஹா எச்எஸ்5 மாதிரி 5 இஞ்ச் மானிட்டர் 54 ஹெர்ட்ஸ் வரும்போதே 10 டெசிபல் விழுந்திருக்கும். 8 இஞ்ச் அதுக்கும் கீழ இறங்கும். அப்போ ரூமோட 56-ஐ இன்னும் பலமா உசுப்பி விடும். காசு கொடுத்து பிரச்சினையைப் பெருசாக்கின கதைதான்.

முதல்ல நாற்காலி

இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்கற திசையைப் பார்த்து உட்காருங்க. ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் ஜன்னல்னு இருந்தா பாடகர் குரல் நடுவுல நிக்காம ஒரு பக்கமா சாயும். திசை முடிவானதும், எதிர் சுவர்ல இருந்து ரூம் நீளத்துல 38 சதவீதம் தள்ளி உங்க தலை இருக்கட்டும். 10 அடி ரூம்னா 3.8 அடி, சுமார் 116 சென்டிமீட்டர். இது சட்டம் இல்ல, தொடங்க ஒரு நல்ல இடம். அங்கிருந்து முன்ன பின்ன நகர்ந்து பாருங்க. கட்டில் உங்க முதுகுக்குப் பின்னாடியே இருக்கட்டும், மெத்தையும் கொஞ்சம் சத்தத்தை உறிஞ்சும்.

அப்புறம் ஸ்பீக்கர்

பேஸ் எல்லாப் பக்கமும் பரவும். ஸ்பீக்கருக்குப் பின்னாடி போனது சுவர்ல மோதித் திரும்பி வந்து, நேரா வர்றதோட சண்டை போடும். எங்க குழி விழும்னு கணக்குப் போடலாம்: ஸ்பீக்கரோட முன்முகத்துக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரத்தை நாலால பெருக்கி, 343-ஐ அதால வகுங்க. ஒரு மீட்டர்னா 86 ஹெர்ட்ஸ். கிக் ட்ரம்மோட இடமே அதுதான். ரெண்டு அடின்னா சுமார் 140.

"சுவர்ல இருந்து தள்ளி வை"ன்னு எல்லாரும் சொல்வாங்க. பெரிய ரூமுக்கு அது சரி. 10 அடி ரூம்ல எவ்வளவு தள்ளினாலும் குழி பேஸுக்குள்ளதான் விழும். அதனால பக்கத்துல கொண்டு போங்க. எச்எஸ்5-ஓட ஆழம் 22 சென்டிமீட்டர். பின்னாடி போர்ட் இருக்கறதால ஒரு 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்க. குழி 270 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிடும். அந்த ஏரியாவுல நாலு இஞ்ச் ராக்வூல் பேனல் நல்லா வேலை செய்யும். சுவர் பக்கத்துல வச்சதால பேஸ் கொஞ்சம் ஏறும். பின்னாடி இருக்கற ரூம் கன்ட்ரோல் சுவிட்சை மைனஸ் 2 இல்ல மைனஸ் 4-ல வைங்க. அந்த சுவிட்ச் இருக்கறதே இதுக்குத்தான்.

ரெண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் சேர்ந்து சமபக்க முக்கோணமா இருக்கணும். நான் சொன்ன அளவுல ஒவ்வொரு பக்கமும் சுமார் 97 சென்டிமீட்டர் வரும்.

உயரம், ஸ்டாண்ட், சுவர்

ட்வீட்டர் காது உயரத்துல இருக்கணும். மேஜை 75 சென்டிமீட்டர்னா அதுமேல வச்ச ஸ்பீக்கரோட ட்வீட்டர் ஒரு 95-ல இருக்கும். உட்கார்ந்தா காது 115, 120-ல. ஆக 20 சென்டிமீட்டர் தூக்கணும். மேஜைக்குப் பின்னாடி தனி ஸ்டாண்ட் இருந்தா அதான் பெஸ்ட், மேஜை கூட சேர்ந்து அதிராது. பட்ஜெட் இல்லையா? சாலிட் பிளாக் அடுக்கி, மேல ஃபோம் பேட் போடுங்க.

சுவர்ல மாட்டலாமான்னா, மாட்டலாம். ஆனா எச்எஸ்5-ல பிராக்கெட் மாட்ட துளை கிடையாது. அதுக்கு எச்எஸ்5ஐ-ன்னு தனி மாடல் இருக்கு. பெட்டியில நீங்களே ஓட்டை போடாதீங்க, உள்ள ஆம்ப்ளிஃபயர் இருக்கு, காத்தும் கசியும். துளை இல்லாத ஸ்பீக்கர்னா அடியில தாங்குற ஷெல்ஃப் டைப் பிராக்கெட் பாருங்க. ஒவ்வொண்ணும் 5.3 கிலோ. தலைக்கு நேரா தொங்கப் போற பொருள், அதனால பிராக்கெட் அதைவிட ரெண்டு மடங்காவது தாங்கணும். செங்கல் சுவர்னா ஆங்கர் போல்ட் பிடிக்கும். புது அபார்ட்மென்ட்ல ஏஏசி பிளாக் சுவர்னா அதுக்குன்னே இருக்கற ஃபிக்சிங் வாங்குங்க. ஜிப்சம் தடுப்புல மாட்டவே வேண்டாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் கீழயும் ட்ரில் போடாதீங்க, உள்ள வயர் போகும். வாடகை வீடுன்னா ஓனரைக் கேக்காம எதுவும் வேண்டாம், அட்வான்ஸ்ல பிடிச்சுடுவாங்க.

எப்படி சரி பார்க்கறது?

நாற்காலியில உட்காருங்க. கூட வந்தவர் பக்கச் சுவரோட ஒரு கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்துல ட்வீட்டர் தெரியுதோ அங்க பேனலோ, கனமான துணியோ, புக் ஷெல்ஃபோ வேணும். அப்புறம் ஒரு குரலை மோனோவுல ப்ளே பண்ணுங்க. நெத்திக்கு நேரா, ஸ்பீக்கரே இல்லாத இடத்துல இருந்து வரணும். மெஷர்மென்ட் மைக் இருந்தா ஆர்இடபிள்யூ சாஃப்ட்வேர் இலவசம், கிராஃப் போட்டுப் பாருங்க.

கிராஃப்ல குழி தெரிஞ்சா ஈக்யூல ஏத்தாதீங்க. 10 டெசிபல் ஏத்தினா ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு பவர் கொடுக்கணும். ஆனா நேரா வர்றதும் மோதி வர்றதும் சேர்ந்தே ஏறும், குழி அப்படியே இருக்கும். குழிக்கு மருந்து நகர்த்துறதுதான். மேட்டை வேணும்னா ஈக்யூல குறைக்கலாம்.

இவ்வளவும் செஞ்சாலும் 10-க்கு 10 ரூம் ஏவிஎம் ஸ்டுடியோ ஆகிடாது. ஆனா உங்க ரூம் எங்க பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுடும். அதுக்கப்புறமும் 8 இஞ்ச் வேணும்னு தோணுச்சுன்னா தாராளமா வாங்குங்க. என் அனுபவத்துல, மேஜையை நகர்த்தினவங்க நிறைய பேர் அந்தக் காசை பேனலுக்குத்தான் போட்டிருக்காங்க.

டேப்பை எடுங்க. அளந்ததை எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.