உண்டியும் ரசீதும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொங்கல் விடுமுறையில் நிதி திரட்டும் தொண்டர்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். 'ஐந்து நிமிடம்' என்று வரையறையும் செய்துள்ளார். தலைமையாசிரியர் ஒருவர் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு நேரம் குறிப்பது அவருடைய துணிவைக் காட்டுகிறது.

விழாக்காலத்தில் தெருவில் நின்று அறநிதி கேட்பது நாம் கண்ட புதுமை அன்று. 1891-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஜோசப் மக்ஃபீ என்பார், ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்தளிக்கப் பணமின்றித் தவித்தார். முன்னர் மாலுமியாயிருந்த அவருக்கு, லிவர்பூல் துறைமுகத்தில் காசு போடுவதற்கென வைத்திருந்த பானை நினைவுக்கு வந்தது. படகுத்துறையருகே ஒரு பானையைத் தொங்கவிட்டார். இன்று பல நாடுகளில் டிசம்பர் மாதத்தில் சிவப்புப் பானையும் கைமணியுமாகத் தொண்டர்கள் நிற்கின்றனர். நம் நாட்டிலும் 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். படைவீரர் நலனுக்காக மாணவர் கையில் உண்டி கொடுத்து நாமே பலமுறை அனுப்பியுள்ளோம்.

ஆகவே 2002-ல், கல்லூரியில் பயின்ற நம் பெண்பிள்ளைகள் நால்வரின் விடுதிக் கட்டணம் நிலுவையில் நின்றபோது, காணும் பொங்கலன்று பேருந்து நிலையத்தில் உண்டி ஏந்துவது என எளிதாக முடிவு செய்தோம். அரசு ஊழியர் முன் அனுமதியின்றி நிதி திரட்டலாகாது என்பது விதி. மனு எழுதி அனுமதியும் பெற்றோம். மனுவில் எழுதாத ஒன்றை நம் தெருவின் மூதாட்டி ஒருவர் கேட்டார்.

"அன்னைக்கும் பொங்கலுக்குத்தான் பண்ணை வாசல்ல துண்டை ஏந்திக்கிட்டு நின்னோம். எங்களோட போகட்டும்னு இருந்தோம். இப்பப் படிச்ச புள்ளைங்களையும் நிக்க வைக்கிறியா வாத்தியாரே?"

கொடிநாளை எடுத்துக் கூறினோம். "அது சர்க்கார் உண்டி. இது சேரி உண்டி" என்றார். பி.ஏ., பி.எட். படித்த நமக்கு விடை தெரியவில்லை. ஆனால் கட்டணம் செலுத்தக் கெடு நெருங்கியிருந்தது. சென்றோம்.

அன்று நடந்ததை மறைக்காமல் கூறுகிறோம். பலர் மனமுவந்து கொடுத்தனர். பழம் விற்ற அம்மையார் ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு போட்டார். கடைக்காரர் ஒருவரோ, சங்கத்தின் பெயரைப் படித்ததும், உண்டியின் மேல் தம் கை படாதவாறு ஒரு முழ உயரத்திலிருந்து நாணயங்களை விட்டார். சில உள்ளே விழுந்தன, சில தரையில் உருண்டன. உண்டி ஏந்திய மாணவி குனிந்து பொறுக்கவில்லை. நாமும் பொறுக்கச் சொல்லவில்லை. அடுத்த நாள் அவள் வரவில்லை. அவளை அழைத்துவரச் செல்லும் துணிவு நமக்கும் இல்லை.

மக்ஃபீ வைத்த பானைக்கும் நம் உண்டிக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் விளங்கிற்று. அங்கே கேட்டவர் வேறு, உண்டவர் வேறு. பிறருக்காகக் கேட்பவனை உலகம் தொண்டன் என்கிறது. நாமோ நம் பிள்ளைகளுக்காக நாமே கேட்டோம். பார்ப்பவர் கண்ணுக்கு அது பழைய பண்ணை வாசலாகவே தெரிந்தது.

அவ்வாண்டுக் கணக்கு முடிக்கும் கூட்டத்தில் மூன்று மணி நேரம் வாதிட்டோம். தெருவில் கேட்பதையே விட்டுவிடலாம் என்றோர் உண்டு. கல்லூரி மாணவன் ஒருவன் எழுந்து, "இனாம் கொடுத்த எவரும் ரசீது வாங்கியதில்லை, ஐயா. நாம் ரசீது கொடுப்போம்" என்றான்.

மறு பொங்கலுக்கு உண்டியை வீட்டில் வைத்துவிட்டு மேசையும் நாற்காலியும் கொண்டுபோனோம். ஒரு ரூபாய்க்கும் அடிக்கட்டையுடன் ரசீது எழுதினோம். கொடுப்பவர் பெயர் சொல்லி, நம் பிள்ளை எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, கைநீட்டி வாங்கிச் செல்லவேண்டும். முந்தைய ஆண்டின் வரவுசெலவைப் பலகையில் எழுதி மேசையருகே சாய்த்துவைத்தோம். மாலையில் மூவர் முன்னிலையில் எண்ணிப் பேரேட்டில் ஏற்றி, மூவரும் கையொப்பமிட்டோம். இன்றும் அதுவே நடைமுறை.

வசூல் முதலாண்டைவிடக் குறைந்தது. காத்திருக்க விரும்பாதோர் விலகிச் சென்றனர். அந்தக் கடைக்காரர் அவ்வாண்டு வரவில்லை. நான்காம் ஆண்டு வந்தார், பலகையை முழுதும் படித்தார், ஒரு கூட்டல் பிழையைச் சுட்டிக்காட்டினார். உண்மையிலேயே பிழைதான். கணக்கு வாத்தியாராகிய நமக்கு அது பெரும் நாணம்! திருத்தினோம். பத்து ரூபாய் கொடுத்து, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் மனம் மாறிற்று என்று நாம் சொல்லவில்லை. ரசீதைக் கையில் வாங்கினார், அவ்வளவே.

அன்று வராமற்போன மாணவியிடம் பின்னர் ஒருநாள் மன்னிப்புக் கோரினோம். "நீங்கள் நாற்காலி போட்டது நல்லது, ஐயா. ஆனாலும் நான் அங்கே உட்கார மாட்டேன்" என்றாள். அவளை நாம் குறைகூற மாட்டோம். நீங்களும் கூறலாகாது. ஆண்டுதோறும் அந்தப் பேரேட்டைத் தணிக்கை செய்து தருபவள் அவளே.

வரும் காணும் பொங்கலுக்குக் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை மேசை இருக்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். எழுத்து அழகாயுள்ளவர்கள் தேவை. விருப்பமுள்ளோர் போகிக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். விருப்பமில்லாதோரை எவரும் வற்புறுத்த மாட்டார்கள்.