ஏடு மறைத்ததும் அரங்கு காத்ததும்

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் குலத்தையும் ஒரே சொல்லில் எழுதி வந்தேன். அச்சொல்லில் அடங்காதோரும் உளர் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்த சகோதரியர் மூவர்: லிசா மேயோ, குளோரியா மிகெல், முரியல் மிகெல். தந்தையார் பனாமாவின் கூனா பழங்குடியினர். தாயார் வர்ஜீனியாவின் ராப்பஹானக் குடியினர். 1924-இல் வர்ஜீனியா இயற்றிய இனச் சட்டமோ மக்களை வெள்ளையர், வெள்ளையரல்லாதார் என இரண்டாகவே பகுத்தது. பழங்குடியினர் என்னும் பெயரே அரசு ஏடுகளில் மறையலாயிற்று.

ஏடு மறைத்ததை அரங்கு காத்தது. 1976-இல் தோன்றிய 'ஸ்பைடர்வுமன்' நாடகக் குழுவின் உயிர்நாடி இம்மூவரே. நெசவைக் கற்பித்தவளாக ஹோப்பி மக்கள் போற்றும் சிலந்தித் தாயின் பெயர் அது. தத்தம் வாழ்க்கைக் கதை, பாட்டு, ஆடல் ஆகியவற்றை இழை இழையாகப் பின்னும் அவர்தம் முறைக்குக் 'கதை நெய்தல்' என்று பெயர். கூனா மகளிர் பல நிறத் துணிகளை அடுக்கித் தைக்கும் 'மோலா' அவர்தம் அரங்கின் பின்திரையை அணி செய்தது.

ராப்பஹானக் குடியை அமெரிக்க நடுவணரசு ஏற்றது 2018-இல்தான். அரங்கோ நெடுங்காலம் முன்னரே ஏற்றுவிட்டது!

பல நிறம் சேர்வதால் மோலா அழகு குன்றுவதில்லை. நீங்களும் உங்கள் பாட்டியரிடம் அவர்தம் கதையைக் கேளுங்கள். பதிவேட்டில் இல்லாதது அங்கே இருக்கும்.