அயலாரின் உறக்கமும் நம் வழிபாடும்

வானொலி மறையுரை



நீதிமொழிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில் 14ஆவது வசனம் ஒன்று இருக்கிறது. மறையுரைகளில் அதை அதிகம் கேட்க முடியாது. விடியற்காலையில் எழுந்து, அடுத்த வீட்டுக்காரருக்கு உரத்த குரலில் ஆசி சொல்லும் ஒருவனைப் பற்றி அது பேசுகிறது. அப்படிச் சொல்லும் ஆசி சாபமாகவே எண்ணப்படும் என்பது அதன் கருத்து. அவன் யாரையும் திட்டவில்லை, சண்டைக்கும் போகவில்லை. நல்ல சொல்லைத்தான் சொன்னான். ஆனால் நேரம் தவறியது, சத்தமும் மிஞ்சியது. அதனால் அந்த ஆசியே சாபமாகிவிட்டது. மைக் செட்டும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்திலேயே இறைவார்த்தை இந்த எச்சரிக்கையைத் தந்துவிட்டது.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை என்று நம் வட்டாரமே தறிச் சத்தத்தோடு வாழும் வட்டாரம். தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்பதால் அந்தச் சத்தத்தை யாரும் குறை சொல்வதில்லை. பகல் முழுவதும் விசைத்தறியின் தடதடப்பில் நின்றவருக்கு, இரவு நேரம்தான் காதுக்குக் கிடைக்கும் ஓய்வு. அதே இரவில்தான் திருவிழாக்களும் வருகின்றன. அம்மன் கோயிலில் பாட்டு, திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்து, கல்யாண வீட்டில் ஆர்கெஸ்ட்ரா, கட்சிக் கூட்டம், நம் ஆலயத்தில் கொடியேற்றம், நவநாள், தேர்பவனி. எல்லாம் மகிழ்ச்சிக்கு உரியவை. ஆனால் ஒரு தெருவில் நடக்கும் மகிழ்ச்சி, அடுத்த தெருவில் காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? இன்று நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான்.

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போன இடம் நமக்குத் தூரமும் அல்ல. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் ‘சர்ச் ஆஃப் காட்’ என்ற பெந்தெகொஸ்து சபையின் ஜெபக் கூடம் இருந்தது. டிரம்ஸ், கிட்டார் முதலிய இசைக் கருவிகளோடும் ஒலிபெருக்கியோடும் அங்கே வழிபாடு நடந்தது. அருகில் குடியிருந்தவர்களின் நலச் சங்கம் 1996இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிட்டது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஒலியைக் கட்டுப்படுத்த நடவடிக்கை எடுக்கும்படி உயர் நீதிமன்றம் 1999இல் உத்தரவிட்டது. சபையினர் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள்.

அவர்கள் சொன்ன வாதங்களை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. சாலையில் ஓடும் வாகனங்களின் இரைச்சலைக் கேட்காதவர்கள் எங்கள் ஜெபத்தை மட்டும் கேட்பது ஏன்? நாங்கள் சிறுபான்மையினர் என்பதால் எங்கள் வழிபாட்டைத் தடுக்கப் பார்க்கிறார்களா? இந்த அச்சம் நம்மில் பலருக்கும் உண்டு. நம் ஆலயத்தின் மேல் ஒரு புகார் வந்தால் முதலில் நம் மனத்தில் எழுவதும் இதுதான்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் நீதிபதிகள் எம்.பி. ஷாவும் எஸ்.என். புக்கனும் தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீடு தள்ளுபடியானது. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிப்பதில்லை என்பது அத்தீர்ப்பின் மையக் கருத்து. ஒலிபெருக்கி வழியாகவோ, முரசு கொட்டியோதான் ஜெபிக்க வேண்டும் என்றும் எந்த மதமும் சொல்வதில்லை. பச்சிளங் குழந்தைகள், படிக்கும் மாணவர்கள், முதியோர், நோயாளிகள் ஆகியோரை நீதிபதிகள் நினைவூட்டினார்கள். வழிபடும் உரிமை நம்முடையது. உறங்கும் உரிமை அவர்களுடையது. ஒன்று மற்றொன்றை விழுங்கக் கூடாது.

அன்புக்குரியவர்களே, அதே ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் முதல் ஒலி மாசு விதிகள் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளன. அவற்றை நம் பங்குப் பேரவையும் விழாக் குழுவும் இளைஞர் இயக்கமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எழுத்து வடிவிலான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. மூடிய அரங்குகளுக்கு உள்ளே, வெளியே தொல்லை போகாதபடி பயன்படுத்தலாம். சமயத் திருவிழா, பண்பாட்டு விழா நாள்களில் இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம். அதுவும் ஓர் ஆண்டில் மொத்தம் 15 நாள்களுக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பதினைந்து நாள்களும் நமக்கு மட்டும் ஒதுக்கியவை அல்ல என்பதையும் நினைவில் கொள்வோம்.

அளவும் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது. வரம்பை 10 டெசிபல் தாண்டினாலோ, தடை செய்த நேரத்தில் ஒலித்தாலோ, பக்கத்தில் இருப்பவர் புகார் கொடுக்கலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் தூரத்தை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் வழி உண்டு. கூம்பு வடிவக் குழாய் கூடாது, பெட்டி ஸ்பீக்கர்தான் வைக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் காவல் துறை நிபந்தனை விதிப்பதும் நமக்குத் தெரிந்ததே. ஆகவே காவல் நிலையத்தில் வாங்கிய அனுமதித் தாள் சட்டைப் பையில் இருக்கிறது என்பதால், எவ்வளவு சத்தமும் வைக்கலாம் என்று பொருள் ஆகாது. அந்தத் தாளிலேயே நேரமும் நிபந்தனையும் எழுதியிருக்கும்.

இதெல்லாம் போலீசும் கோர்ட்டும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், கோயிலில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதற்கு ஒரு துயரமான நிகழ்வைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2005ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், தலைமை நீதிபதி ஆர்.சி. லகோத்தி தலைமையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றிய விரிவான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. அந்த வழக்கு தொடங்கியதற்குக் காரணம் 1998 ஜனவரியில் நாளிதழ்களில் வந்த ஒரு செய்தி. பதிமூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். உதவி கேட்டுக் கூவினாள். அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவள் கூவியது ஒருவர் காதிலும் விழவில்லை. அன்று மாலையே அந்தக் குழந்தை தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். இச்செய்தியைப் படித்த பொறியாளர் ஒருவர்தான் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

அங்கே ஒலிபெருக்கி வைத்தவருக்கு அந்தச் சிறுமியின் மேல் எந்தப் பகையும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும், அவள் குரல் போய்ச் சேர வேண்டிய காதுகளை அந்தச் சத்தம் அடைத்துவிட்டது. பேரொலியின் ஆபத்து தூக்கம் கெடுவதோடு முடிவதில்லை. துன்பப்படுகிறவரின் குரல் அதற்குள் புதைந்துபோகிறது.

இப்போது நற்செய்தியைப் பார்ப்போம். மத்தேயு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தலைவரின் மகள் இறந்துபோகிறாள். இயேசு அந்த வீட்டுக்குப் போகும்போது அங்கே குழல் ஊதுகிறவர்களும் கூச்சலிடும் கூட்டமும் நிறைந்திருக்கிறார்கள். அது அந்த ஊர் வழக்கம்தான். ஆனால் ஆண்டவர் முதலில் அவர்களை விலகிப் போகச் சொல்கிறார். சிறுமி உறங்குகிறாள் என்கிறார். அவர்கள் அவரைப் பார்த்து நகைக்கிறார்கள். கூட்டம் வெளியேறிய பிறகுதான் அவர் உள்ளே போய் அவள் கையைப் பிடிக்கிறார். அவள் எழுந்திருக்கிறாள். ஒரு சிறுமியைச் சுற்றியிருந்த சத்தத்தை விலக்கிவிட்டுத்தான் ஆண்டவர் அவளுக்கு உயிர் கொடுத்தார்.

எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயு வழியோரத்திலிருந்து கத்தியபோதும் இதே நிலைதான். கூட்டம் அவரை அதட்டி அடக்கப் பார்த்தது. இயேசுவோ அந்தக் கூட்டத்தின் நடுவே நின்றார். அந்த ஒற்றைக் குரலைக் கேட்டு அவரைக் கூப்பிடச் சொன்னார். ஆமோஸ் இறைவாக்கினர் வழியாகப் பேசிய கடவுளோ, பாடல்களின் இரைச்சலை அகற்றச் சொல்லிவிட்டு நீதியைக் கேட்கிறார். ஒரேபு மலையில் எலியாவுக்கு ஆண்டவர் தம்மை வெளிப்படுத்தியது சூறைக்காற்றிலும் அல்ல, நிலநடுக்கத்திலும் அல்ல, தீயிலும் அல்ல, மெல்லிய ஒலியில்தான். நம் திருச்சபையும் மௌனத்தின் அருமை அறிந்த சபை. புனித வியாழன் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ பாடியபின், பாஸ்கா திருவிழிப்பில் மீண்டும் அது ஒலிக்கும்வரை ஆலய மணிகள் மௌனமாகின்றன. அந்த நாள்களில் நம் பக்தி குறைவதில்லை. கூடத்தான் செய்கிறது.

சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இரவு 10 மணிக் கட்டுப்பாடு இரவில் உறங்குகிறவரைக் காக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து, காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் தம்பிக்கு அது உதவாது. இரவெல்லாம் தறி ஓட்டிவிட்டு விடிந்தபின் பாயை விரிக்கும் அண்ணனுக்கும் உதவாது. அவர்களுக்கு நம் காலை பத்து மணிதான் நடுநிசி. அங்கே விதி கைகொடுக்காதபோது அன்புதான் விதியாக வேண்டும். உன்மீது அன்புகூர்வது போல் உன் அயலார்மீதும் அன்புகூர் என்ற கட்டளைக்கு 10 மணி, 6 மணி என்ற வரம்பு கிடையாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? விழாவுக்குப் பத்து நாள்களுக்கு முன்பே அன்பியப் பொறுப்பாளர்கள் ஆலயத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்குச் சென்று வரலாம். எல்லா வீடுகளுக்கும், எல்லா மதத்தாரின் வீடுகளுக்கும். எந்த வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது, எங்கே படுக்கையில் ஒரு பாட்டி இருக்கிறார், யார் பொதுத் தேர்வு எழுதுகிறார்கள், யார் நைட் ஷிப்ட் என்று கேட்டு வரலாம். மைக் செட்காரரிடம் ஸ்பீக்கரை ஆலய வளாகத்துக்குள் திருப்பி வைக்கச் சொல்லலாம். தேர் இரவு 10 மணிக்குள் நிலை சேரும்படி திருப்பலியை முன்னதாகத் தொடங்கலாம். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியும் பாஸ்கா திருவிழிப்பும் ஆலயத்துக்குள் கேட்டால் போதும். உள்ளே வந்திருப்பவர்களுக்காகத்தானே பாடுகிறோம்? சத்தம் அதிகமானால் கூப்பிட்டுச் சொல்ல ஒரு பொறுப்பாளரின் போன் நம்பரை அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்து வைக்கலாம்.

யாராவது வந்து முறையிட்டால், நம் திருவிழாவில் இவர் யார் கேட்பதற்கு என்ற கேள்வி எழ வேண்டாம். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, மனத்தாங்கல் உள்ள சகோதரரிடம் முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொன்னவர் நம் ஆண்டவர். வாசலில் வந்து நிற்கும் அந்த மனிதரே நாம் தேடிப் போக வேண்டிய சகோதரர். அவர் நமக்கு வேலையைக் குறைத்துவிட்டார்.

அதே அளவை மறுபக்கமும் வைப்போம். ஆடி மாதப் பாட்டோ, மார்கழி விடியற்காலைப் பாட்டோ, பள்ளிவாசல் அழைப்போ, கல்யாண வீட்டு இசையோ நமக்குத் தொல்லையாக இருந்தால், முதலில் அந்த வீட்டுப் பெரியவரிடம், அந்த விழாக் குழுவிடம் நேரில் போய்ப் பணிவாகச் சொல்வோம். புகார் கொடுக்க நமக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒரு மதத்தை அடிக்கும் கோலாகச் சட்டத்தை நாம் எடுக்க வேண்டாம். ஊரில் சிறிய மனத்தாங்கல் பெரிய பிளவாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். நாம் சத்தத்தைக் குறைத்திருக்கிறோம் என்று ஊர் அறிந்தால், நாம் கேட்கும் வார்த்தைக்கும் மதிப்பு இருக்கும்.

அன்புக்குரியவர்களே, விழா முடிந்து மறுநாள் காலையில் அக்கம்பக்கத்தார் நம்மைப் பார்த்து முகம் மலர்ந்து பேசுகிறார்களா என்று கவனிப்போம். அதைவிடச் சிறந்த நற்செய்தி அறிவிப்பு நம் ஒலிபெருக்கியில் இல்லை.

ஆண்டவரே, எங்கள் வாயைப் புகழ்ச்சியால் நிரப்பும். எங்கள் காதுகளை அயலாரின் குரலுக்குத் திறந்துவிடும். களைத்து உறங்குகிறவர்களையும், உறங்க முடியாமல் நோயில் தவிப்பவர்களையும், கூப்பிட்டும் கேட்கப்படாத பிள்ளைகளையும் உம் கைகளில் ஒப்படைக்கிறோம். ஆமென்.